பாதி உரிந்த 7: திருப்பூரிலிருந்து ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஒரு தந்தை எழுதிய கடிதத்தைப் படித்தேன். மகளின் பள்ளிக் கபடி அணிக்கு வாங்கிய பனியனில், முதுகில் ஒட்டியிருந்த 7 என்ற எண் முதல் துவைப்பிலேயே பாதி உரிந்து தொங்கியது என்றும், மறுநாள் போட்டிக்கு அந்தப் பெண் கருப்புத் துணியில் எண்ணை வெட்டி ஊசி நூலால் தைத்துக்கொண்டு போனாள் என்றும் எழுதியிருந்தார். கடைசி வரியில், ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று முடித்திருந்தார். அந்தப் பனியனை ஒட்டியது நான் இல்லை. ஆனாலும் அந்த வரி என் மனத்தை விட்டு இறங்க மறுக்கிறது. அவருடைய கோபம் நியாயமானது. அது போய்ச் சேர வேண்டிய இடம் மட்டும் வேறு.

திருப்பூர் மங்கலம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், தகரக் கொட்டகையில் மூன்று ஹீட் பிரஸ் (சூடான தகட்டால் அழுத்தித் துணியில் ஸ்டிக்கர் ஒட்டும் இயந்திரம்) வைத்து, பிறர் கொடுக்கும் பனியனுக்குக் கூலிக்கு ஒட்டித் தரும் ஜாப் ஒர்க் செய்கிறேன். அதற்கு முன் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது துணி வராமல் எங்கள் கம்பெனியில் வேலை சுருங்கியது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வரச் சொன்னார்கள். அப்போதுதான் சங்கிலியை அடகு வைத்து, பழைய பிரஸ் ஒன்றை வாங்கினேன். அன்று முதல் இன்று வரை என் கை அந்தப் பிடியை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. எனவே இதை வெளியில் நின்று எழுதவில்லை.

அந்தத் தந்தையின் கடிதத்தில் 'பாதி' என்ற ஒரு சொல்லைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கள் தொழிலில் எண் உரிந்துவிட்டது என்று யாராவது வந்தால், நான் முதலில் கேட்பது 'எப்படி உரிந்தது?' என்றுதான். முழுவதும் ஒரே தகடாகக் கழன்று வந்ததா, ஒரு ஓரம் மட்டும் எழுந்ததா, வறண்ட வயல்போல வெடித்ததா, வண்ணம் மட்டும் போய்ப் பசை துணியிலேயே நின்றதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. உரிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அதனால் உரிந்த துண்டைக் குப்பையில் போடாமல் பனியனோடு கொண்டுவரச் சொல்லுவேன்.

இப்போது பெரும்பாலும் ஒட்டப்படுவது டிடிஎஃப் என்னும் வகை. மெல்லிய பிளாஸ்டிக் படச்சுருளில் வண்ண மையை அச்சடித்து, அதன்மேல் வெள்ளை மையை அடித்து, ஈரம் காயும் முன் வெள்ளைப் பொடியைத் தூவி, சூடு காட்டி உருக்கி எடுப்பார்கள். அந்தப் பொடிதான் பசை. பிரஸ்ஸில் வைத்து அழுத்தும்போது அது மறுபடி உருகி நூலிழைகளுக்குள் இறங்குகிறது; ஆறும்போது இறுகிப் பிடித்துக்கொள்கிறது. பருத்தித் துணி என்றால் 150 முதல் 160 டிகிரி, 15 வினாடி, நல்ல அழுத்தம். பிறகு படத்தை உரித்துவிட்டு, மேலே பட்டர் பேப்பரோ டெஃப்லான் ஷீட்டோ வைத்து இன்னொரு முறை 10 வினாடி. இந்த இரண்டாவது அழுத்தத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எண்ணின் விளிம்புகள் துணிக்குள் உட்காருவது அதில்தான். சில படச்சுருள்களைச் சூடாக இருக்கும்போதே உரிக்கலாம், சிலவற்றை நன்றாக ஆறிய பிறகே உரிக்க வேண்டும். எது எந்த வகை என்று அச்சடித்துக் கொடுப்பவர் ரோலின்மேல் ஒரு வார்த்தை எழுதி ஒட்டினால் போதும். பல நேரங்களில் எழுதுவதில்லை. ஆறிய பிறகு உரிக்க வேண்டியதைச் சூட்டில் உரித்தால், பசை இறுகும் முன்பே விளிம்பு எழுந்துவிடும். அன்று கண்ணுக்குத் தெரியாது. துவைக்கும்போது தண்ணீர் அதைக் கண்டுபிடித்துவிடும்.

ஒரு பாதி நிற்க, மறுபாதி உரிந்தால், அது துணியின் குற்றமாக இருப்பது அரிது. துணியும் பசையும் சரியில்லை என்றால் எண் முழுவதும் சேர்ந்து போயிருக்கும். பாதி நின்றிருக்கிறது என்றால் அந்தப் பாதிக்குச் சூடும் அழுத்தமும் கிடைத்திருக்கின்றன, மறுபாதிக்குக் கிடைக்கவில்லை.

இதை நான் கற்றுக்கொண்டது என் சொந்த நஷ்டத்தில். என் இரண்டாவது பிரஸ்ஸில் ஒட்டிய பனியன்களில் இடது கீழ் மூலை மட்டும் அடிக்கடி எழுந்துகொண்டிருந்தது. பிரஸ்ஸின் திரையில் 160 என்று காட்டும். நேரத்தைக் கூட்டினேன், சூட்டைக் கூட்டினேன். வெள்ளைப் பனியன் பழுப்பேறியதே தவிர மூலை ஒட்டவில்லை. துப்பாக்கி வடிவ வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கித் தகட்டின்மேல் காட்டினேன். கை வைத்தால் பொசுங்கிப்போகும் தகட்டுக்கு அது 90 என்று காட்டியது. பளபளப்பான அலுமினியத்தில் அந்தக் கருவி தவறாகத்தான் காட்டும் என்று பிறகு ஒரு மெக்கானிக் அண்ணன் சொல்லித் தெரிந்துகொண்டேன். அவர்தான் சிறு காகிதப் பட்டைகள் சிலவற்றைக் கொடுத்தார். அவற்றில் வெப்பநிலை எண்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். எந்த அளவுக்குச் சூடு ஏறியதோ அந்தக் கட்டம் வரை கறுத்துவிடும். ஒரு பனியனை விரித்து, நடுவில் ஒன்றும் நான்கு மூலைகளில் ஒவ்வொன்றும் வைத்து, 15 வினாடி அழுத்தித் திறந்தேன். நடுவில் 154 கட்டம் கறுத்திருந்தது. வலப்பக்க மூலைகள் 149. இடது கீழ் மூலையில் 132-ஐத் தாண்டவில்லை. தகட்டுக்குள் ஓடும், சூடேற்றும் மின்சுருளில் அந்தப் பக்கம் பழுது. திரையில் தெரியும் எண் என்பது உள்ளே ஒரே ஓர் இடத்தில் பதித்த உணர்கருவி சொல்லும் எண். அது மூலையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அன்று மாலை அந்த ஐந்து காகிதங்களையும் ஓர் அட்டையில் ஒட்டிச் சுவரில் மாட்டினேன். இன்றும் அங்கேதான் இருக்கிறது. இப்போது மாதம் ஒருமுறை மூன்று பிரஸ்ஸையும் அப்படிப் பார்க்கிறேன். ஒரு பனியன் நஷ்டமானாலும் பரவாயில்லை.

சூடு சரியாக இருந்தும் அழுத்தம் இறங்காமல் போகலாம். தோள்பட்டைத் தையல், கழுத்துப் பட்டி, பட்டன் இவற்றில் ஏதாவது ஒன்று தகட்டுக்கு அடியில் வந்துவிட்டால் அதன் தடிமன்தான் அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் துணியில் தகடு மேலோட்டமாகத்தான் படும். சிறு பெண்களின் பனியனில் முதுகு அகலம் குறைவு. பெரிய எண்ணை வைக்கும்போது மேல்பகுதி தோள் தையலுக்கு மிக அருகில் போய்விடும். 7-க்கு மேலேதான் நீண்ட கோடு. அந்தத் தந்தை சொல்லும் பனியனில் உரிந்தது மேல்கோடு என்றால், இதுதான் நடந்திருக்கும் என்பது என் கணிப்பு. பனியனுக்குள் சிறிய பலகையோ தடித்த சிலிக்கான் பட்டையோ நுழைத்து, தையல் அதன் ஓரத்துக்கு வெளியே தொங்கும்படி வைத்து அழுத்த வேண்டும். ஒரு பனியனுக்கு அரை நிமிடம் கூடுதலாகும். 200 பனியனுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். காலையில் வண்டி வரும் என்று இரவு 8 மணிக்குப் பனியன் கட்டைக் கொண்டுவந்து இறக்கினால், அந்த ஒன்றரை மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது?

மாலை நேரத்து மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். மின்னழுத்தம் 230-லிருந்து 190-க்கு இறங்கினால் சுருள் தரும் வெப்பம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும். ஒவ்வொரு பனியனும் தகட்டின் சூட்டைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டு போகிறது. அடுத்த பனியனுக்குள் அது மீண்டும் ஏற வேண்டும். ஏறுவதற்குள் அவசரமாக அழுத்தினால், முதல் பத்துப் பனியன் நன்றாக இருக்கும், நாற்பதாவது பனியன் ஏமாற்றிவிடும். எங்கள் தெருவில் இரவு 7 மணிக்கு மேல் நான் வேகத்தைக் குறைத்துவிடுவேன்.

ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு தொல்லை. பருத்தி காற்றிலிருந்து ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். தொட்டால் காய்ந்திருப்பதுபோலத்தான் இருக்கும். பிரஸ்ஸை மூடியதும் அந்த ஈரம் ஆவியாகி, பசைக்கும் துணிக்கும் நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும். எனவே ஸ்டிக்கரை வைக்கும் முன் வெறும் துணியை 5 வினாடி அழுத்தி எடுக்க வேண்டும். மழைநாளில் திறக்கும்போது புகைபோல ஆவி எழுவதை என்னிடம் வேலை பார்க்கும் பெண்களுக்குக் காட்டியிருக்கிறேன். ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் பிறகு அதை விடுவதே இல்லை.

தமிழ் எழுத்தில் பெயர் ஒட்டக் கொடுப்பவர்களிடம் எனக்குத் தனியாக ஒரு வேண்டுகோள் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்து இளைஞர்கள் கைப்பந்து அணிக்கு முதுகில் தமிழில் பெயர் போட்டுத் தரச் சொன்னார்கள். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஆங்கிலத்திலேயே ஒட்டி ஒட்டிப் பழகிய கைக்கு, 'கார்த்திக்', 'செல்வம்', 'மணிகண்டன்' என்று வரிசையாகப் பார்க்கப் பெருமையாக இருந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு தம்பி பனியனோடு வந்தார். 'செல்வம்' என்பதில் இரண்டு புள்ளிகளும் போய் 'செலவம' என்று நின்றது. எழுத்து அப்படியே இருக்கிறது, புள்ளி மட்டும் இல்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. புள்ளி எழுத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது. கடுகளவு இடத்தில் எவ்வளவு பொடி தங்கும், அது எத்தனை இழையைப் பிடிக்கும்? ஆங்கில எழுத்துகளுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. வடிவமைப்பவர்கள் தடித்த எழுத்துருவாகத் தேர்ந்தெடுத்து, புள்ளியை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கி, எழுத்துக்கு நெருக்கமாக வைக்க வேண்டும். நான் இப்போது 4 மில்லிமீட்டருக்குக் குறைந்த புள்ளியை வாங்குவதில்லை. பார்க்கக் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தம்பியின் பெயர் அவருடைய பெயராகவே இருக்கும்.

இனி, எண் முழுவதும் ஒரே தகடாகக் கழன்று வருவதைப் பற்றி. இதில்தான் எங்களுக்கும் வேலை கொடுப்பவர்களுக்கும் பெரிய மனத்தாங்கல். துணியைக் கையில் எடுத்தால் பட்டுப்போல வழுக்க வேண்டும் என்று வாங்குபவர்கள் விரும்புகிறார்கள். அதற்காகத் துணியை முடிக்கும்போது சிலிக்கான் சாஃப்ட்னர் கொடுக்கிறார்கள். தோசைக்கல்லில் எண்ணெய் தடவினால் மாவு ஒட்டாமல் வருவதுபோல, சிலிக்கான் அளவு மிஞ்சிய துணியில் பசை ஒட்டாது. 160 டிகிரி, 20 வினாடி, முழு அழுத்தம் கொடுத்தாலும் ஒட்டாது. உரிந்த துண்டின் பின்பக்கம் கண்ணாடிபோல வழவழப்பாக, ஒரு பஞ்சுகூட ஒட்டாமல் இருக்கும். பருத்தித் துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பேன். உடனே உறிஞ்சினால் நிம்மதி. முத்துப்போல உருண்டு நின்றால் கட்டைப் பிரிக்காமல் போன் செய்துவிடுவேன். எல்லா வகைச் சாஃப்ட்னரையும் இந்தச் சொட்டு காட்டிக்கொடுக்காது என்பதால், துவைத்துப் பார்ப்பதைத் தவிர உறுதியான வழி இல்லை.

எனக்கு நேர்ந்த மிகப் பெரிய அடி பாலியஸ்டரில். ஒரு பள்ளி விளையாட்டு விழாவுக்காக டாட்நிட் என்னும் பாலியஸ்டர் துணியில் 340 சிவப்புப் பனியன், வெள்ளை எண். ஆர்டர் எடுத்தவர் 'பனியன்தான், வழக்கம்போல அழுத்துங்கள் அக்கா' என்று சொல்லி இறக்கிவிட்டுப் போனார். நாங்கள் மூன்று பேர் விடிய விடிய அழுத்தினோம். ஒட்டியதும் எண்கள் பால்போல வெள்ளையாக இருந்தன. சூடு ஆறும் முன்பே அடுக்கி, பாலி பேக்கில் போட்டு, பெட்டியில் வைத்து அனுப்பினோம். இரண்டாம் நாள் பெட்டியைத் திறந்தபோது 340 எண்ணும் ரோஜா நிறம். பாலியஸ்டருக்குப் போடும் சாயம் சூட்டில் ஆவியாகி நகரும். சிவப்பும் மெரூனும் அதில் மிக மோசம். துணியிலிருந்து கிளம்பி, மேலே இருக்கும் வெள்ளை மைக்குள் ஏறிவிடும். அது உடனே தெரியாமல் மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் மெதுவாக ஏறும். சூடாக அடுக்கி மூடி வைத்தது அதற்கு இன்னும் வசதியாகப் போய்விட்டது. அந்தத் துணிக்கு 130 டிகிரியிலேயே ஒட்டும் பசையும், சாயத்தைத் தடுக்கும் சாம்பல் நிற அடுக்கும் கொண்ட ஸ்டிக்கர்தான் வேண்டும். அது விலை கூடுதல். அந்த ஸ்டிக்கர் வாங்கப்படவில்லை. துணி பாலியஸ்டர் என்று தெரிந்தும் வழக்கமான சூட்டில் அழுத்தியது என் தவறு. அதை நான் மறுக்கவில்லை. எனக்குக் கூலி பனியனுக்கு 3 ரூபாய். நஷ்டத்துக்காக என்னிடம் பிடித்துக்கொண்ட டெபிட் பனியனுக்கு 140 ரூபாய். மீட்ட சங்கிலி மறுபடி அடகுக்குப் போனது. அதைவிட, விழா நாளில் அந்தக் குழந்தைகள் எண் இல்லாத வெறும் பனியனோடு நின்றார்கள் என்று கேள்விப்பட்டபோதுதான் அழுகை வந்தது.

அன்று முதல் ஒரு பழக்கத்தை விடாமல் கடைப்பிடிக்கிறேன். கட்டை இறக்கும்போது ஒரு துண்டுச் சீட்டு கேட்கிறேன். துணி பருத்தியா, பாலியஸ்டரா, கலப்பா, கலப்பு என்றால் எத்தனை பங்கு; சாஃப்ட்னரோ தண்ணீர் ஒட்டாத பூச்சோ கொடுத்திருக்கிறார்களா; ஸ்டிக்கர் எந்த வகை, சூட்டில் உரிப்பதா ஆறி உரிப்பதா. இவ்வளவுதான். எழுத இரண்டு நிமிடம் ஆகாது. கூடவே இரண்டு பனியன் சோதனைக்கு. அவற்றை அழுத்தி, ஒரு நாள் அப்படியே வைத்து, ஐந்து முறை துவைத்து, இழுத்துப் பார்த்த பிறகுதான் மற்றவற்றைத் தொடுவேன். இதற்காகச் சில வேலைகள் கைவிட்டுப் போயிருக்கின்றன. 'அந்த அக்கா நிறையக் கேள்வி கேட்பார்' என்று சொல்லி, கேள்வி கேட்காத இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அப்படிப் போன பனியன்களில் ஒன்றுதான் அந்தத் தந்தையின் வீட்டுக்கு வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களையும், ஆர்டர் எடுத்து நடத்தும் அண்ணன்மார்களையும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். போட்டித் தேதி உங்களுக்கு ஒரு மாதம் முன்பே தெரியும். எங்களுக்கு மூன்று நாள் கொடுங்கள். துணி என்னவென்று சொல்லுங்கள். உரிந்து வந்தால் எங்களைக் கேளுங்கள், பதில் சொல்கிறோம். என்ன துணி என்றே தெரியாமல் இருட்டில் அழுத்தச் சொல்லிவிட்டு, பிறகு பனியனின் முழு விலையையும் கூலிக்காரர் தலையில் எழுதாதீர்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. புதிய பனியனை ஒரு நாள் கழித்தே நனையுங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். எண்ணின்மேல் பிரஷ் போட வேண்டாம், கல்லில் அடிக்க வேண்டாம், நிழலில் உலர்த்துங்கள். எண்ணின்மேல் நேராக இஸ்திரிப் பெட்டி படக் கூடாது. பருத்திப் பனியனில் ஓரம் மட்டும் எழுந்திருந்தால் வீட்டிலேயே சரிசெய்து பார்க்கலாம். தரையில் மடித்த துணியின்மேல் பனியனை விரித்து, எழுந்த இடத்தில் பட்டர் பேப்பரை வைத்து, ஆவி வராத சூடான இஸ்திரிப் பெட்டியால் நகர்த்தாமல் உடம்பு எடையைக் கொடுத்து 15 வினாடி அழுத்துங்கள். முழுவதும் ஆறிய பிறகு காகிதத்தை எடுங்கள். விளையாட்டுப் பனியன் பெரும்பாலும் பாலியஸ்டர். அதில் இதைச் செய்தால் துணி பளபளத்துத் தழும்பு விழும். சில நேரம் உருகியே போகும். அதை ஒட்டத் தெரிந்தவரிடம் கொண்டுபோவதே நல்லது.

ஆசிரியர் அவர்களே, அந்தத் தந்தையின் முகவரி தங்களிடம் இருக்கும். என் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தனித் தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன்; அச்சில் போட வேண்டாம், அவருக்கு மட்டும் கொடுங்கள். அந்தப் பனியனை அனுப்பி வைத்தால், பழைய எண்ணை எடுத்துவிட்டு, துணிக்கு ஏற்ற ஸ்டிக்கரில் புதிய 7 ஒட்டித் தருகிறேன். காசு வேண்டாம். கழுத்துக்கு உள்ளே இருக்கும் லேபிளில் என்ன துணி என்று போட்டிருந்தால் அதையும், அடுத்த போட்டி என்றைக்கு என்பதையும் ஒரு சீட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். உரிந்த துண்டு இன்னும் வீட்டில் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். அதன் பின்பக்கத்தை நான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஹீட் பிரஸ் ஜாப் ஒர்க் செய்யும் தங்கள் வாசகி,
மங்கலம் சாலை, திருப்பூர்.